செர்பியாவுக்குத் தாய்மாமன்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மணிமேகலை டீச்சருக்கு வந்த வினையும் வாயால் வந்ததுதான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

திண்டுக்கல்லில் இருந்து நிலக்கோட்டை போகிற வழியில், பூத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் மணிமேகலை. திண்டுக்கல்லில் வீடு, தினமும் பஸ். பதினோரு வருஷமாக, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் பாடம் முதல் உலகப்போர். இதை எவன் முதல் பாடமாக வைத்தானோ! பிள்ளைகள் லீவு நினைப்பே தீராமல் உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, போஸ்னியா என்று அடுக்கினால் எந்த மண்டையில் ஏறும்? அதிலும் பாதிப் பிள்ளைகள் விடியக்காலம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறித்துவிட்டு வருகிறவர்கள். முதல் பீரியடில் தூங்காமல் இருந்தாலே கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

முத்துப்பேச்சி அந்தக் கெட்டிக்காரப் பட்டியலில் இல்லை. மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், கண் மட்டும் எழுந்திருக்காது. கணக்கு போட்டுவிடுவாள். அறிவியல்கூட ஒப்பேற்றிவிடுவாள். மனப்பாடம் பண்ணு என்றால் மட்டும் ஒரு வரி நிற்காது. பெயர்களெல்லாம் அவளுக்கு ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். ஆஸ்திரியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே ஊர் என்று ஒன்பதாம் வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தவள்.

அன்றைக்கு வகுப்பில் கண்ணன் என்கிற பையன் ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், இளவரசரைச் சுட்டது ஒரே ஒரு பய. அதுக்கு எதுக்கு டீச்சர் உலகமே அடிச்சுக்கிட்டுச் செத்துச்சு?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. இராணுவக் கூட்டணிகள், வன்மையான தேசியவாதம் என்று வரிசையாக இருக்கிறது. மணிமேகலை அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"ஏலே கண்ணா, போன திருவிழாவுல உங்க ஊர்ல என்னடா நடந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. கண்ணன் நெளிந்தான். சாமி ஊர்வலத்தில் அவனுடைய சித்தப்பா ஆடிக்கொண்டே பக்கத்து ஊர்க்காரன் ஒருவனின் காலை மிதித்துவிட்டார். மிதி வாங்கினவன் ஒரு அறை விட்டான். அறை வாங்கினவருடைய பங்காளிகள் வந்தார்கள். அறைந்தவனுடைய தாய்மாமன் வந்தார். தாய்மாமனுக்குச் சம்பந்தி வந்தார். பொழுது விடிந்தபோது ரெண்டு ஊரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது.

"கால மிதிச்சவன் ஒருத்தன், மிதி வாங்குனவன் ஒருத்தன். மண்டை உடைஞ்சது எத்தனை பேருக்கு?"

"பதினேழு பேருக்கு டீச்சர்."

"அந்தப் பதினேழு பேருக்கும் அங்க என்னடா வேலை?"

"சொந்தக்காரங்க டீச்சர். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

"அம்புட்டுத்தான் முதல் உலகப்போர்," என்றாள் மணிமேகலை. கரும்பலகையை அழித்துவிட்டு ஒரு குடும்ப மரம் போட்டாள். ஆஸ்திரியாவுக்குப் பங்காளி ஜெர்மனி. பங்காளி தப்பே பண்ணினாலும் முதலில் போய் நிற்கணும், நியாயத்தை அப்புறம் பேசிக்கலாம் என்கிற ரகம். செர்பியாவுக்குத் தாய்மாமன் ரஷ்யா. மருமகன் மேல் ஒருத்தன் கை வைத்தால் மாமன் வேட்டியை மடித்துக் கட்டாமல் இருப்பானா? ரஷ்யாவுக்குச் சம்பந்தி பிரான்ஸ். ஜெர்மனியோடு அவனுக்கு ஏற்கெனவே நிலத்தகராறு வேறு. இங்கிலாந்து பெல்ஜியத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன், ஜெர்மனி பெல்ஜியம் வழியாக நுழைந்ததும் அவனும் தெருவுக்கு வந்தாகணும்.

"அப்ப இத்தாலி டீச்சர்?"

கேட்டது யார் என்று பார்த்தால் முத்துப்பேச்சி. கண் முழுசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த நாளில் இருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இத்தாலி மாப்பிள்ளை வீட்டு வேன்ல வந்து இறங்கி, பொண்ணு வீட்டுப் பந்தியில உக்காந்தவன்," என்றாள் மணிமேகலை. வகுப்பு கூரை பிய்ந்துவிழும்படி சிரித்தது. அடுத்த வகுப்பில் இருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நாலு நாள் அந்த வகுப்பில் ஒருத்தரும் தூங்கவில்லை. போர் முடிந்து பின்விளைவுகளுக்கு வந்தார்கள். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை மணிமேகலை பஞ்சாயத்தாகவே நடத்தினாள். தோற்ற ஜெர்மனியை நடுவில் நிற்க வைத்து, எல்லாத் தப்பும் என் மேல்தான் என்று எழுதி வாங்கினார்கள். நிலத்தைப் பிடுங்கினார்கள், தண்டம் போட்டார்கள், இனிமேல் பெரிய படை வைக்கக்கூடாது என்றார்கள்.

முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். "பேசி முடிச்சப்புறம் ரெண்டு பக்கமும் கை நனைச்சாங்களா டீச்சர்?"

அந்தப் பக்கத்து ஊர்களில் அது ஒரு வழக்கம். என்னதான் பஞ்சாயத்து பேசி முடித்தாலும், ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றால்தான் பகை தீர்ந்தது என்று கணக்கு. அதைத்தான் கை நனைக்கிறது என்பார்கள். அது நடக்காதவரை இரண்டு பக்கமும் கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்கும்.

மணிமேகலையிடம் பதினோரு வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. "இல்லம்மா. ஜெர்மனியைப் பேச்சுக்கே கூப்பிடல. எல்லாத்தையும் எழுதி வச்சுட்டுக் கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டாங்க."

"அப்ப அது சமாதானமே இல்லையே டீச்சர். அவன் மறுபடி வருவானே."

"வந்தான்," என்றாள் மணிமேகலை. "இருபது வருஷத்துல வந்தான்."

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வாத்தியார் வேலைக்கு வந்ததற்கு இது ஒரு நாள் போதும் என்று நினைத்துக்கொண்டாள். கூறுகெட்டவள்! "இதெல்லாம் புரியறதுக்குத்தான், பரீட்சையில புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுதணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று விட்டாள். நாளைக்கு ஆன்லைன் பதிவு வேலை வந்தது, அடுத்த நாள் மீட்டிங் வந்தது. மாதத் தேர்வில் பிள்ளைகள் தாய்மாமனையும் சம்பந்தியையும் எழுதி வைத்தபோது, படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் சரியாகத்தானே இருக்கிறது என்று மார்க்கையும் போட்டுத் தொலைத்தாள்.

அரையாண்டுத் தேர்வில் முத்துப்பேச்சி சமூக அறிவியலில் இருபத்தொன்பது. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். உலகப்போர் பாடத்தில் வந்ததை மட்டும் நன்றாக எழுதியிருந்தாள். மற்றதெல்லாம் வெள்ளைத்தாள்.

ஜனவரியில் அவள் அப்பா ஆண்டிச்சாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அரை ஏக்கர் மல்லிகை வைத்திருப்பவர். பேசும்போது தரையைப் பார்த்தே பேசுவார், ஆனால் பேச்சில் வளைவு நெளிவு இருக்காது.

"டீச்சரம்மா, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. பாஸாயிட்டா பதினொண்ணு படிக்கட்டும். பெயிலானா மில்லுக்கு அனுப்பிருவேன். ஏஜெண்டுகிட்டச் சொல்லி வச்சுட்டேன்."

"பெயிலானா ஜூலைல திரும்ப எழுதலாம்ங்க. ஒரு வருஷம்கூட வீணாகாது."

"மூத்தவளுக்கும் இதத்தான் சொன்னாங்க. மூணு தடவ எழுதுனா. ஒவ்வொரு தடவையும் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதா. மூணாந்தடவ எம்பொண்டாட்டி ராத்திரி பூராக் கதவுகிட்டயே உக்காந்திருந்தா, புள்ள ஏதாச்சும் பண்ணிக்கிருமோன்னு." ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தடவ அத என்னால பாக்க முடியாது டீச்சரம்மா."

மனுஷன் கல்நெஞ்சுக்காரராக இருந்தால் சண்டை போடலாம். மணிமேகலை அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

அடுத்த மூன்று மாதம் அவள் முத்துப்பேச்சியை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், பஸ் வருகிறவரை சாயங்காலம் என்று, நிலவரைபடம், பருவக்காற்று, அடிப்படை உரிமை எல்லாவற்றையும் புகட்டினாள். கடைசித் திருப்புதல் தேர்வில் பிள்ளை நாற்பத்தொன்று எடுத்தாள். ஆனால் அந்தத் தாளைத் திருத்தியதும் இவளேதான். அந்தக் கணக்கு அப்போது இவளுக்கு உறைக்கவில்லை.

பொதுத்தேர்வில் சமூக அறிவியல்தான் கடைசி. தேர்வு மையம் வேறு ஒரு பெரிய பள்ளியில். மணிமேகலை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவள் முத்துப்பேச்சி.

"டீச்சர்! உலகப்போர் காரணம் எட்டு மார்க்ல வந்துருச்சு! வெர்செய்ல்ஸ் அஞ்சு மார்க்ல! மத்ததெல்லாம் சுமாராத்தான் எழுதுனேன், ஆனா இது ரெண்டும் பக்கம் பக்கமா எழுதிட்டேன்."

"என் ராசாத்தி! என்ன எழுதுன?"

"ரஷ்யா செர்பியாவின் தாய்மாமன் ஆவார், அதனால் அவர் சும்மா இருக்க முடியாதுன்னு ஆரம்பிச்சேன் டீச்சர். பங்காளி, சம்பந்தி எல்லாம் போட்டேன். ஸ்கேல் வச்சு மரமும் வரைஞ்சேன். வெர்செய்ல்ஸ்ல யாரும் கை நனைக்கலைன்னு எழுதி, அதுக்கு அடியில கோடு போட்டேன்."

"புத்தகத்துல இருக்கிற மாதிரி... எழுதலையாம்மா?"

முத்துப்பேச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. "நீங்கதான டீச்சர் அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க? மார்க்கும் போட்டீங்களே."

"ஆமாம்மா, ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்க. போ, போயி நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு." வாய் இப்படிச் சொன்னது. விரல் அதற்குள் மார்க்கை எண்ண ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வருகிறவரை மனசுக்குள் மார்க்கைக் கூட்டினாள். எப்படிக் கூட்டினாலும் முப்பதைத் தாண்டவில்லை. மிச்சம் அந்த ரெண்டு கேள்வியின் தயவில் இருந்தது. அந்தத் தாள் வேறு எந்த மாவட்டத்துக்கோ போகும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. தாய்மாமன் என்று படித்துவிட்டு அந்த ஊர் வாத்தியார் சிரிப்பார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார், சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார். தான் எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது மணிமேகலைக்கு உட்கார முடியவில்லை. கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். போதாதென்று, தலைமையாசிரியர் சேவியர் சாரிடம் அவர் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். "எதுக்கு டீச்சர்?" என்று அவர் கேட்டதற்கு, "உலக சமாதானத்துக்கு சார்" என்றாள். அவரும் நல்ல மனுஷன், ஏற்றிவிட்டு வந்தார்.

பத்து நாளில் விடைத்தாள் திருத்தும் முகாம் திண்டுக்கல்லில் ஆரம்பித்தது. மணிமேகலைக்கும் உத்தரவு வந்தது. இங்கே வருவது வேறு மாவட்டத்துத் தாள்கள். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. அவளுடைய மேசைக்கு முதன்மைத் தேர்வாளர் கமர்ஜஹான் மேடம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அரை மார்க் அதிகம் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தால் புது வாத்தியார்களுக்குப் பேனா நடுங்கும்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு தாள் வந்தது. காலனிகளுக்கான போட்டி போருக்கு எப்படிக் காரணமாயிற்று என்பது ஐந்து மார்க் கேள்வி. அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இது: "கடல் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் இங்கிலாந்தும் பிரான்சும் முன்னாடியே விசைப்படகில் போய் எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள். ஜெர்மனி வலை போட்டபோது சங்காயம்தான் கிடைத்தது. அதனால் ஜெர்மனிக்குக் கோபம் வந்தது."

சங்காயமா? என்ன எழவு இது? மணிமேகலைக்குப் புரியவில்லை. கை பழக்கத்தில் ஓரத்தில் 'ஒன்று' என்று போட்டுவிட்டது. அடுத்த பக்கம் புரட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கேயோ ஒருத்தர் இப்படித்தான் இந்நேரம் முத்துப்பேச்சியின் தாளை வைத்துக்கொண்டு, கை நனைப்பதா, என்ன எழவு இது என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். தாளைத் தூக்கிக்கொண்டு போய் கமர்ஜஹான் முன்னால் வைத்தாள்.

"மேடம், சங்காயம்னா என்ன மேடம்?"

கண்ணாடி கீழே இறங்கியது. "நான் முதல்ல வேலை பாத்தது தொண்டிப் பக்கம், கடற்கரை ஊரு. சங்காயம்னா அங்க வலையில வர்ற கழிசல் மீன். குழம்புக்கு ஆகாது, கோழித்தீவனத்துக்குப் போகும். ஏன்?" என்றவர் தாளைப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "ஏம்மா, சரியாத்தான எழுதியிருக்கு இந்தப் புள்ள? நல்ல இடமெல்லாம் மத்தவங்க பிடிச்ச பிறகு ஜெர்மனிக்கு மிச்சம் மீதிதான். இதுக்கா ஒண்ணு போட்ட?"

"எனக்கு வார்த்தை தெரியல மேடம்."

"தெரியலைன்னா கேக்கணும். கேட்டுட்டல்ல, திருத்திக் கையெழுத்துப் போடு. என்ன போடப் போற?"

"அஞ்சு மேடம்," என்றாள் மணிமேகலை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முகாமில் அத்தனை பேர் இருக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாய்மாமன் கதை முழுக்கச் சொன்னாள். பங்காளி, சம்பந்தி, ஜாமீன் கையெழுத்து, கை நனைக்காத பஞ்சாயத்து, மில் ஏஜெண்ட், எல்லாம்.

கமர்ஜஹான் சிரிக்கவில்லை. கடைசியில் மட்டும் லேசாக உதட்டைக் கடித்துக்கொண்டார். "இங்கிலாந்து ராஜா, ஜெர்மனி ராஜா, ரஷ்யா ராணி, மூணு பேரும் ஒரே பாட்டியோட பேரப்புள்ளைங்க. தெரியுமா? நெசமாவே சொந்தக்காரச் சண்டைதான் அது. உன் புள்ள ஒண்ணும் தப்பா எழுதல."

"அப்ப மார்க் கிடைக்குமா மேடம்?"

"அது யாரு கையில போச்சோ, எனக்கு எப்படித் தெரியும்? பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன்." தாளை அவள் பக்கம் தள்ளினார். "இதுக்கு நாலு போடு. விளைவு என்னன்னு எழுதல பாரு. அழுதேன்னு அஞ்சு போடாத."

நாலு போட்டாள். அன்றிலிருந்து முகாம் முடிகிறவரை புரியாத வார்த்தை ஒன்றையும் மணிமேகலை விடவில்லை. பக்கத்து மேசை, எதிர் மேசை, டீ கொண்டுவருகிற அக்கா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டாள். "அகராதி டீச்சர் வாராங்க" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டாள். தன்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்று அறிவித்தார்கள். இரண்டு நாளைக்கு முன் ஆண்டிச்சாமி போன் பண்ணினார். "திங்கக்கிழமை மில்லு வேன் வருது டீச்சரம்மா. ஏஜெண்டுக்கு நான் வாக்குக் குடுத்துருக்கேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும்ங்க," என்றாள். அந்த இரண்டு ராத்திரியும் அவரிடம் என்ன சொல்லிக் கெஞ்சலாம் என்று ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு சேவியர் சார் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரே ஒரே நேரத்தில் தட்டினால் அது பாவம் என்ன செய்யும்? ஒன்பதே காலுக்குப் பட்டியல் வந்து விழுந்தது. மணிமேகலை சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு!" என்று சார் மேசையைத் தட்டினார்.

"முத்துப்பேச்சி சார்? சமூக அறிவியல்?"

"முப்பத்தொண்ணும் பாஸுங்கிறேன், அதுல முத்துப்பேச்சி இல்லாமயா போயிருவா?"

"மார்க்கைப் படிங்க சார்."

விரலை வைத்துத் தேடினார். "தமிழ் அறுபத்தொண்ணு. இங்கிலீஷ் நாப்பத்து நாலு. கணக்கு அம்பத்தெட்டு. அறிவியல் அம்பது. சமூக அறிவியல்..." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாப்பத்து மூணு."

"இன்னொரு தடவை சார்."

"நாப்பத்து மூணும்மா. மூணு தடவ கேட்டாலும் அதேதான்."

மணிமேகலை அங்கே இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். எந்த ஊரோ, எந்த மேசையோ, யாரோ ஒரு மகராசியோ மகராசனோ தாய்மாமனைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடாமல், நிறுத்தி, புரிந்துகொண்டு மார்க் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பெயரோ! அவர்கள் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். சேவியர் சார் தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் ஆண்டிச்சாமியின் மொபெட் வந்து நின்றது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் மல்லிகை வாசம். பின்னால் முத்துப்பேச்சி. அவள் இறங்கி மொபெட் பக்கத்திலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை.

"மெசேஜ் வந்துருக்கு டீச்சரம்மா. இங்கிலீஷுல இருக்கு, எனக்கு ஓடல. இதப் படிச்சுச் சொல்லுன்னா புள்ள தொட மாட்டேங்குது." போனை நீட்டினார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"பாஸுங்க," என்றாள் மணிமேகலை. ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போனதோ, அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

ஆண்டிச்சாமி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எல்லாத்துலயுமா? அந்தச் சண்டைப் பாடத்துலயுமா?"

"அதுலயுந்தாங்க. நாப்பத்து மூணு."

வெளியே முத்துப்பேச்சிக்குக் கேட்டுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை, துள்ளவில்லை. மொபெட் சீட்டில் முகத்தை வைத்துக் கவிழ்ந்துகொண்டாள், முதுகு மட்டும் குலுங்கியது. மணிமேகலை போய் அவள் தோளைப் பிடித்தாள். "அழுவாத கழுத, பாஸாயிட்ட," என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

ஆண்டிச்சாமி இவர்களைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். மணிமேகலைக்கு மறுபடி பக்கென்றது. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாரே, வாக்கு தவறாத மனுஷனாச்சே. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச வாயெடுத்தாள். அதற்குள் அவர் நம்பரை அழுத்திக் காதில் வைத்துவிட்டார்.

"ஏஜெண்டுங்களா? ஆண்டிச்சாமி பேசுறேன். திங்கக்கிழமை வேன் எங்க ஊருக்கு வர வேணாம்... ஆமாங்க, வாக்குக் குடுத்தேன், இல்லேங்கல. நேர்ல வந்து மன்னாப்புக் கேட்டுக்கிறேன். எம்புள்ள வரல." நிறுத்தி மூச்சு விட்டார். "எம்புள்ள பதினொண்ணாவது போகுது."

அதைச் சொன்னதும் அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது. போனை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி சேவியர் சாரிடம் "சார், எம்புள்ள பதினொண்ணாவது போகுது" என்றார். சாருக்குத் தெரியாததா? அவரும் புதுசாகக் கேட்கிற மாதிரி "ரொம்ப சந்தோஷம் ஆண்டிச்சாமி" என்றார். எந்த குரூப்பில் சேர்ப்பது, எந்த பஸ்ஸில் அனுப்புவது என்று ஆண்டிச்சாமி மணிமேகலையிடம் நாலு கேள்வி கேட்டார், ஒன்றுக்கும் பதிலைக் காதில் வாங்கவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் சோலைமலை குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆண்டிச்சாமி வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, அவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, எம்புள்ள பதினொண்ணாவது போகுது."